சொல்லப்படாத கீறல்: கிஸ்லெங்கியன் எரிவாயுக் குழாய் வெடிப்பு, ஒரு நிகழ்வு ஆய்வு

2004 ஜூலை 30, வெள்ளிக்கிழமை. பெல்ஜியத்தின் எனோ மாகாணத்தில், ஆத் என்ற சிறு நகரத்தை ஒட்டிய கிஸ்லெங்கியன் தொழிற்பேட்டை. காலையிலேயே வாயுக் கசிவு என்று தீயணைப்பு நிலையத்துக்குத் தகவல் போனது. ஆத் நகரத்து வண்டிகள் வந்தன. ஆட்களை விலக்கி, சுற்றுவட்டத்தை அடைக்கும் வேலை நடந்துகொண்டிருந்தது. ஒன்பது மணியாகச் சில நிமிடங்கள் இருக்கும்போது குழாய் பிளந்து தீப்பிடித்தது. 24 பேர் இறந்தார்கள். காயம்பட்டவர்கள் 130 பேருக்கு மேல். இறந்தவர்களில் ஐந்து பேர் தீயணைப்பு வீரர்கள், ஒருவர் காவலர்.

அந்த நேரத்தில் குழாயின் மேல் யாரும் தோண்டிக்கொண்டிருக்கவில்லை. அடி விழுந்தது அதற்குச் சில வாரங்களுக்கு முன்பு.

தோண்டும் வேலையில் பாதுகாப்பு என்று பேச்செடுத்தாலே நம் மனதில் வருவது, தோண்டும் இயந்திரத்தின் பக்கெட் பட்டதும் சீறிக்கொண்டு வெளியே வரும் வாயுதான். கிஸ்லெங்கியனை நான் திரும்பத் திரும்ப எடுத்துப் படிக்கக் காரணம், அந்தப் படம் பாதிதான் உண்மை என்று அது காட்டுவது. சீறினால் எல்லோரும் ஓடுவார்கள், போன் பறக்கும், வால்வு மூடப்படும். சீறாத அடிக்கு அந்தக் கவனிப்பு எதுவும் கிடைக்காது. மண்ணைப் போட்டு மூடிவிட்டு வேலை அடுத்த இடத்துக்கு நகர்ந்துவிடும்.

குழாயும் அதன் மேல் நடந்த வேலையும்

பிளந்தது தெருவில் ஓடும் சின்னக் குழாய் அல்ல. ஸீப்ரூகே துறைமுகத்திலிருந்து பிரான்ஸ் எல்லைப் பக்கம் இயற்கை எரிவாயுவைக் கொண்டுபோகும் பெருவழிக் குழாய். விட்டம் 1 மீட்டர், உள்ளே அழுத்தம் 70 பாரை ஒட்டி. வீட்டு அடுப்புக்கு வந்து சேரும் குழாய்வாயு 20 மில்லிபார் அளவில்தான் இருக்கும். ஏறக்குறைய 3500 மடங்கு வித்தியாசம். இரண்டையும் ஒரே பெயரில் 'கேஸ் லைன்' என்று சொல்கிறோம். அந்த ஒற்றைச் சொல்லே சைட்டில் பாதிக் குழப்பத்துக்குக் காரணம் என்பது என் எண்ணம்.

பக்கத்தில் ஒரு புதிய தொழிற்சாலை எழும்பிக்கொண்டிருந்தது. கட்டடம் என்றால் கட்டடம் மட்டுமா? தரையைச் சமன்செய்வது, மண்ணைக் கெட்டிப்படுத்துவது, வண்டி நிறுத்த இடம் போடுவது எல்லாம் கூடவே வரும். வெடிப்புக்குப் பிறகு குழாய்த் துண்டை எடுத்து ஆராய்ந்தபோது, இரும்பின் முதுகில் மண்வேலை இயந்திரத்தின் பற்கள் வரிசையாக உழுதுபோன தடங்கள் இருந்தன. அந்த இடங்களில் சுவரின் தடிமனில் பெரும்பகுதி சீவப்பட்டிருந்தது. அப்படி ஒரு அடி விழுந்தது என்ற செய்தி குழாயை இயக்கும் நிறுவனத்துக்குப் போய்ச் சேரவில்லை.

குழாய் அங்கே இருப்பதே தெரியாமல் நடந்த விபத்து இல்லை இது. பெருவழிக் குழாய், வரைபடத்தில் உள்ள குழாய். ஆனால் வரைபடத்தில் இருப்பது ஒன்று, இயந்திரத்தின் மேல் உட்கார்ந்திருப்பவர் தலையில் இருப்பது வேறொன்று. நடுவில் நிலத்தின் உரிமையாளர், வடிவமைப்பாளர், முதன்மை ஒப்பந்தக்காரர், அவருக்குக் கீழே துணை ஒப்பந்தக்காரர், அவர் வாடகைக்கு எடுத்த இயந்திரம் என்று அடுக்கடுக்காகக் கைகள். ஒவ்வொரு கை மாறும்போதும் எச்சரிக்கை கொஞ்சம் தேய்ந்துபோகிறது.

வழக்கு ஆண்டுக்கணக்கில் இழுத்தது. 2010ல் துர்னே நீதிமன்றம் குழாயை இயக்கிய நிறுவனத்தை விடுவித்தது. 2011ல் மோன்ஸ் மேல்முறையீட்டு நீதிமன்றம் அதே நிறுவனத்தைக் குற்றவாளி என்றது. தோண்டியவர் சொல்லவில்லை என்பதோடு விஷயம் முடிவதில்லை. தன் குழாய்க்கு மேல் வேலை நடக்கிறது என்றால் குழாய்க்காரரும் ஆளை அனுப்பிப் பார்த்திருக்க வேண்டாமா என்ற கேள்வியும் கூடவே நிற்கிறது. நான் இதில் மேல்முறையீட்டு நீதிமன்றத்தின் பக்கம்.

ஏன் அடித்த அன்றே உடையவில்லை

இந்த வழக்கின் சதைப்பற்றான பகுதி இதுதான். சைட்டில் இருப்பவர்கள் தெரிந்துகொள்ள வேண்டியதும் இதுதான்.

குழாய்ச் சுவரில் ஏறும் இழுவிசையைக் கணக்கிட எளிய சூத்திரம் ஒன்று உண்டு: அழுத்தத்தை விட்டத்தால் பெருக்கி, சுவர்த் தடிமனின் இரு மடங்கால் வகுக்க வேண்டும். 70 பார் என்பது 7 மெகாபாஸ்கல். விட்டம் 1000 மில்லிமீட்டர், சுவர் 13 மில்லிமீட்டர் என்று எடுத்துக்கொண்டால் வருவது சுமார் 270 மெகாபாஸ்கல். இந்த வகைக் குழாய்களுக்கான எஃகு 450 முதல் 480 மெகாபாஸ்கல் வரை வளைந்துகொடுக்காமல் தாங்கும். போதிய இடைவெளி இருக்கிறது. இப்போது சுவர் 4 மில்லிமீட்டர்தான் மிச்சம் என்று போட்டுப் பாருங்கள்: 875. இந்த வகைக் குழாய் எஃகு அதைத் தாங்காது.

அப்படியானால் அன்றே வெடித்திருக்க வேண்டுமே? இந்தக் கணக்கு, குழாயின் சுற்றளவு முழுக்க, நீளம் முழுக்க மெலிந்துபோனால் பொருந்துவது. கீறல் குறுகலானது. இருபுறமும் இருக்கும் முழுத் தடிமன் இரும்பு அதைக் கைத்தாங்கலாகப் பிடித்துக்கொள்கிறது. கீறலின் நீளமும் ஆழமும் ஓர் எல்லையைத் தாண்டும்வரை, உள்ளே அழுத்தம் அதே அளவில் இருக்கும்வரை, பிடித்துக்கொண்டே இருக்கும்.

ஆனால் கீறல் சும்மா இருப்பதில்லை. பக்கெட் பல் இரும்பைச் சீவும்போது அந்த மேற்பரப்பு உரசலில் சூடேறி, நசுங்கி, இறுகிப்போகிறது. இறுகிய தோல் முறுகலானது. அதில் கண்ணுக்குத் தெரியாத வெடிப்புகள் விழும். கூடவே குழாய் அந்த இடத்தில் கொஞ்சம் உள்வாங்கி ஒடுங்கியும் இருக்கும். உள்ளே இருக்கும் அழுத்தம் அந்த ஒடுக்கத்தை வெளியே தள்ளித் தள்ளி நிமிர்த்தப் பார்க்கும். நிமிரும்போது அடியில் உள்ள வெடிப்பு வாய் பிளக்கும். ஒடுக்கமும் கீறலும் ஒரே இடத்தில் சேர்ந்திருப்பதைக் குழாய்ப் பொறியாளர்கள் மற்ற எல்லாச் சேதங்களையும்விட அதிகமாகப் பயப்படுவது இதனால்தான். வெறும் ஒடுக்கம் என்றால் பல ஆண்டுகள் ஓடலாம். வெறும் கீறல் என்றாலும் அளந்து முடிவுசெய்யலாம். இரண்டும் சேர்ந்தது நாள் குறிக்கப்பட்ட குழாய்.

நாளைக் குறிப்பது அழுத்தம். பெருவழிக் குழாயில் அழுத்தம் எப்போதும் ஒரே அளவில் நிற்பதில்லை. தேவைக்கு ஏற்ப ஏற்றுவார்கள், இறக்குவார்கள். கிஸ்லெங்கியனில் அடி விழுந்த பிறகு குழாய் தாக்குப்பிடித்தது. ஜூலை 30 அன்று அழுத்தம் ஏறியபோது முதலில் கசிந்தது, பிறகு பிளந்தது. அழுத்தத்தை ஏற்றியவர் தன் திரையில் பார்த்தது வழக்கமான எண்கள். குழாயின் முதுகில் பல் தடம் இருப்பதை அவருக்குச் சொல்ல ஒருவரும் இல்லை.

இன்னொரு நாடு, அதே தடம்

கிஸ்லெங்கியனுக்குப் பத்து ஆண்டுகளுக்கு முன்பே இதே பாடம் அமெரிக்காவில் எழுதப்பட்டிருந்தது. 1994 மார்ச் 23, நள்ளிரவை நெருங்கும் நேரம். நியூ ஜெர்சி மாநிலத்தின் எடிசன் நகரில் 36 அங்குலப் பெருவழிக் குழாய் ஒன்று வெடித்தது. பக்கத்து அடுக்குமாடிக் குடியிருப்பில் பல கட்டடங்கள் எரிந்துபோயின. மாரடைப்பால் ஒருவர் இறந்தார். கதவைத் தட்டி எழுப்பியும் ஜன்னல் வெளிச்சத்தைப் பார்த்தும் நூற்றுக்கணக்கானவர்கள் தப்பி ஓடினார்கள். ஓட அவகாசம் இருந்ததால்தான் எண்ணிக்கை ஒன்றோடு நின்றது.

தேசியப் போக்குவரத்துப் பாதுகாப்பு வாரியம் விசாரித்தது. குழாயில் கண்டது இயந்திரம் உழுத கீறல். யார், எப்போது அடித்தார்கள் என்பதற்குப் பதிவு இல்லை. குழாயைச் சுற்றி அந்த மண்ணில் முன்பு யார் யாரோ தோண்டிப் புதைத்த குப்பைகூளம் கிடந்தது. வால்வுகளை மூடி வாயுவை நிறுத்த ஏறக்குறைய இரண்டரை மணி நேரம் ஆனது என்பதையும் வாரியம் சுட்டிக்காட்டியது.

இரண்டு வழக்கையும் பக்கத்தில் வைத்தால் சட்டென்று தெரிவது: குழாயின் எதிரி துருவோ வயதோ மட்டும் இல்லை, அடித்துவிட்டுப் பேசாமல் போனவரும்தான்.

தோண்டுவதற்கு முன்

பல நாடுகளில் முதல் விதி ஒன்றே: மண்ணில் இரும்பு இறங்கும் முன் சொல்லு. அமெரிக்காவில் 2007 முதல் 811 என்ற ஒரே தொலைபேசி எண். பெல்ஜியத்தில் கிஸ்லெங்கியனுக்குப் பிறகு குழாய், கேபிள் விவரங்களைக் கேட்டு வாங்க ஒரு பொது இணைய வாயில் வந்தது. சொன்னால் போதும் என்று நினைப்பவர்கள்தான் அதிகம். சொல்வது வெறும் ஆரம்பம்.

தகவல் போனதும் குழாய்க்காரர் வந்து தரையில் அடையாளம் போடுவார். அமெரிக்க முறையில் நிறத்துக்கு ஒரு பொருள்: எரிவாயுவுக்கும் எண்ணெய்க்கும் மஞ்சள், மின்சாரத்துக்குச் சிவப்பு, தொலைத்தொடர்புக்கு ஆரஞ்சு, குடிநீருக்கு நீலம், கழிவுநீருக்குப் பச்சை, தோண்டப்போகும் இடத்தைத் தோண்டுபவரே வெள்ளையால் குறிக்க வேண்டும். இந்த வெள்ளைக் கோட்டை நான் மிகவும் மதிக்கிறேன். எங்கே தோண்டப்போகிறேன் என்று ஒருவன் தரையில் வரைந்து காட்டும்போதுதான், அவனுக்கே அது தெரியுமா என்பது வெளிச்சமாகும்.

மஞ்சள் கோடு எவ்வளவு துல்லியம்? இங்கேதான் அனுபவசாலிகளும் சறுக்குகிறார்கள். கோடு குழாயின் நடுவைக் காட்டும் ஒரு மதிப்பீடு. இரும்புக் குழாயில் லொக்கேட்டர் கருவி குறிகை அனுப்பிப் பிடித்துவிடும். பக்கத்தில் வேறொரு குழாயோ கேபிளோ ஓடினால் குறிகை அதில் தாவிவிடும், கோடு தள்ளி விழும். பாலிஎத்திலீன் குழாய் என்றால் இரும்பே இல்லை. குறிகை ஓடுவதற்கென்று கூடவே புதைத்த உலோகத் தடக்கம்பி இருந்தால் உண்டு, அது எங்காவது அறுந்திருந்தால் கருவி ஊமை. ஆழத்தை எந்தக் கோடும் சொல்வதில்லை. வரைபடத்தில் உள்ள ஆழம், குழாய் பதித்த நாளின் ஆழம். அதன் பிறகு அந்தத் தரை எத்தனை முறை வெட்டப்பட்டது, எத்தனை முறை நிரப்பப்பட்டது என்பதை வரைபடம் அறியாது. தரையைச் சமன்செய்யும் வேலை குழாய்க்கு ஆபத்தாவது இதனால்தான். யாரும் 'தோண்டவில்லை', அரை அடி மண்ணை வழித்து எடுத்தார்கள், அவ்வளவுதான். குழாய்க்கு மேல் இருந்த பாதுகாப்பில் பாதி போய்விட்டது. அடுத்து வரும் இயந்திரம் அதே மண்ணைக் கிளறிக் கெட்டிப்படுத்த இறங்கும்போது பல் எங்கே போய் நிற்கும்?

வழியோரத்தில் நடும் மஞ்சள் கம்பங்களையும் நம்பிவிடக் கூடாது. இரண்டு கம்பங்களுக்கு நடுவே குழாய் நேராகப் போகிறது என்பது கண்ணின் அனுமானம். வாய்க்காலைக் கண்டாலும் பாறையைக் கண்டாலும் அது வளைந்துபோயிருக்கும்.

கடைசி அரை மீட்டர்

எனவே குழாயைக் கண்ணால் பார்க்கும்வரை இயந்திரம் இறங்கக் கூடாது. அமெரிக்க மாநிலங்கள் பலவற்றில் குழாயின் வெளி விளிம்பிலிருந்து இருபுறமும் 18 முதல் 24 அங்குலம் வரை 'கைவேலை மட்டும்' என்ற எல்லை உண்டு. பெருவழிக் குழாய்களுக்குப் பல நிறுவனங்கள் இதைவிட அகலமாகக் கேட்கும், தங்கள் ஆளும் கூடவே நிற்க வேண்டும் என்று நிபந்தனை போடும். கேட்டால் கொடுத்துவிட வேண்டும். அங்கே பேரம் பேசுபவனைத் தோண்ட விடக் கூடாது.

சோதனைக் குழி போடுவது எப்படி என்று ஒருமுறை விவரமாகச் சொல்லிவிடுகிறேன். குழாய் இருக்கும் என்று நினைக்கும் இடத்துக்கு நேர் மேலே தொடங்காமல், ஒரு பக்கமாகத் தொடங்க வேண்டும். பக்கவாட்டில் இறங்கி, மண்ணை நெருக்கிக் குழாயை நோக்கிப் போனால் மண்வெட்டி குழாயின் விலாவைத் தொடும். மேலிருந்து குத்தினால் முனை முதுகில் இறங்கும். கடப்பாரையும் பிக்காசும் தார்ச்சாலையையும் கெட்டி மேல்மண்ணையும் உடைக்க மட்டும். அதற்குக் கீழே மண்வெட்டி. அதிலும் விளிம்பு மழுங்கியது, காலால் மிதித்து இறக்காமல் சீவி எடுப்பது. குழாய்க்கு ஓர் அடி மேலே எச்சரிக்கை நாடா இருக்க வேண்டும். நாடா தட்டுப்பட்டால் வேகத்தை இன்னும் குறைக்க வேண்டும். நாடா தட்டுப்படவில்லை என்றால் நிம்மதி அடைய ஒன்றுமில்லை: முன்பு யாரோ தோண்டி நாடாவைக் கிழித்துப் போட்டிருக்கலாம். மண்ணின் நிறம் மாறுவதும், இயற்கை மண்ணுக்கு நடுவே சல்லடை போட்ட மணல் வருவதும் குழாயை நெருங்கிவிட்டோம் என்பதற்கு அடையாளம். குழாய்ப் படுக்கைக்கு மணல்தான் போடுவார்கள். பழகிய கூலிக்காரர் ஒருவர் மணலைப் பார்த்த உடனே மண்வெட்டியைக் கீழே வைத்துவிட்டுக் கையால் வழிக்கத் தொடங்குவார். அந்தக் கைக்கு எந்தக் கருவியும் ஈடில்லை.

வசதி உள்ள இடங்களில் காற்றையோ நீரையோ பீய்ச்சி மண்ணை இளக்கி, உறிஞ்சி எடுக்கும் இயந்திரம் உண்டு. குழாயைத் துருவிலிருந்து காக்கும் மேலுறையான கோட்டிங்கைக் கிழிக்காமல் வேலை முடியும். நீர் என்றால் அதன் அழுத்தத்துக்கும் கட்டுப்பாடு வேண்டும். கூரான நீர்த்தாரை கோட்டிங்கையே உரித்துவிடும்.

குழாய் வெளியே தெரிந்த பிறகும் வேலை இருக்கிறது. அடியில் மண்ணை எடுத்துவிட்டு அந்தரத்தில் தொங்க விடக் கூடாது. தாங்கு கொடுக்க வேண்டும். மூடும்போது முதலில் கல் இல்லாத மண், பிறகுதான் மற்றது. நேர் மேலே அதிர்வு உருளையை ஓட்டக் கூடாது. கனரக வண்டி கடக்க வேண்டும் என்றால் அதற்கென்று ஒரு இடம், அங்கே பலகையோ கான்கிரீட் பலகமோ.

கிடைமட்டமாகத் துளையிட்டுக் கேபிள் இழுக்கும் வேலையில் இந்த எச்சரிக்கை பல மடங்கு வேண்டும். அதில் முனை மண்ணுக்குள் போகிறது, யாரும் பார்ப்பதில்லை. குறுக்கே வரும் ஒவ்வொரு குழாயையும் குழி தோண்டித் திறந்துவைத்து, முனை அதற்கு அருகில் கடந்துபோவதைக் கண்ணால் பார்க்க வேண்டும். இதைச் செலவு என்று தவிர்ப்பவர்கள் எத்தனை பேர் என்று தொழிலில் இருப்பவர்களுக்குத் தெரியும்.

கசிந்தால்

கசிந்துவிட்டால் செய்ய வேண்டியவை குறைவு, செய்யக் கூடாதவை அதிகம். குழாயைத் தட்டி மடக்கிக் கசிவை நிறுத்தப் பார்க்காதே. பாலிஎத்திலீன் குழாயில் பாயும் வாயுவே நிலைமின்சாரம் ஏற்றி வைத்திருக்கும், தொட்டால் பொறி. மண்ணைப் போட்டு மூடாதே. கையில் கிடைத்த வால்வைத் திருகாதே. அது எதை மூடும், எதைத் திறக்கும் என்று உனக்குத் தெரியாது. எரிந்தால் அணைக்காதே. எரியும் வாயு கண்ணுக்குத் தெரியும். அணைந்த வாயு எங்கே போகிறது என்று தெரியாது.

எங்கே போகும்? 1995 ஏப்ரல் 28 அன்று தென்கொரியாவின் தேகு நகரில் நடந்ததைப் பார்த்தால் தெரியும். கட்டுமான இடம் ஒன்றில் துளையிட்டபோது எரிவாயுக் குழாய் ஓட்டையானது. வாயு அங்கேயே மேலே வரவில்லை. வடிகால் வழியாக நகர்ந்து, பக்கத்தில் நடந்துகொண்டிருந்த சுரங்க ரயில் கட்டுமானத்துக்குள் போய்த் தேங்கியது. காலை நேரம், பள்ளிக்குப் போகும் பிள்ளைகள் அதிகம். 101 பேர் இறந்தார்கள். இயற்கை எரிவாயு காற்றைவிட லேசு, மேலே போய்விடும் என்பது திறந்த வெளியில் சரி. தலைக்கு மேல் தார்ச்சாலையும் கான்கிரீட்டும் இருந்தால் அது பக்கவாட்டில் வழி தேடும். கேபிள் குழாய், சாக்கடை, அடித்தளத்து விரிசல், எது கிடைத்தாலும் சரி. காற்றில் 5 முதல் 15 சதவீதம் வரை கலந்திருக்கும்போது பற்றும். மூடிய அறையில் அந்தக் கலவை சேர அதிக நேரம் ஆகாது. மண்ணுக்குள் நெடுந்தூரம் நகர்ந்தால் சேர்த்த வாசனையையும் மண் உறிஞ்சிக்கொள்ளும். மணம் இல்லை என்பதால் வாயு இல்லை என்று முடிவுகட்ட முடியாது.

எவ்வளவு தூரம் விலக வேண்டும் என்பதற்கு மறுபடி கிஸ்லெங்கியன். பெருவழிக் குழாய் பிளந்தால் வெப்பம் உயிரைக் குடிக்கும் தூரத்தை மதிப்பிட ஒரு சூத்திரம் புழக்கத்தில் இருக்கிறது: அழுத்தம் பி.எஸ்.ஐ. (சதுர அங்குலத்துக்கு இத்தனை பவுண்டு) அளவில், விட்டம் அங்குலத்தில். அழுத்தத்தின் வர்க்கமூலத்தை விட்டத்தால் பெருக்கி, அதை 0.69ஆல் பெருக்கினால் அடிக் கணக்கில் ஆரம் கிடைக்கும். 1 மீட்டர் குழாய்க்கும் 70 பாருக்கும் போட்டுப் பார்த்தேன். ஏறக்குறைய 260 மீட்டர். தெருக்குழாய்க் கசிவுக்குப் பழகிய கண் கட்டும் கயிறு 40, 50 மீட்டரில் நின்றுவிடும். அன்று வந்த தீயணைப்பு வீரர்களைக் குறை சொல்ல இதை எழுதவில்லை. வாயுக் கசிவு என்று அழைப்பு வந்தால் போவது அவர்கள் வேலை. அழைப்பவர் 'கேஸ் லீக்' என்பதோடு நிறுத்தாமல் 'பெருவழிக் குழாய்' என்று சேர்த்துச் சொன்னால், வண்டியை எங்கே நிறுத்துவது என்று அவர்களுக்குத் தெரியும்.

தட்டிவிட்டால், கசியாவிட்டால்

நான் நின்ற ஒரு சைட். கழிவுநீர்க் குழாய்க்குப் பள்ளம் எடுத்துக்கொண்டிருந்தோம். குறுக்கே ஒரு பெருவழிக் குழாய். சோதனைக் குழி போட்டிருந்தோம், குழாயைப் பார்த்திருந்தோம், கொடியும் நட்டிருந்தோம். ஆனால் குழி போட்ட இடத்திலிருந்து பத்து மீட்டர் தள்ளிக் குழாய் சற்று மேலேறி வந்தது யாருக்கும் தெரியாது. கொடிக்கு வெளியே என்று நினைத்து ஆபரேட்டர் ஒரு வழி வழித்தார். இன்ஜின் சத்தத்தில் எனக்கு ஒன்றும் கேட்கவில்லை. அவருக்குக் கைப்பிடியில் தெரிந்திருக்கிறது. இயந்திரத்தை நிறுத்திவிட்டு இறங்கினார்.

"சார், கல்லு மாதிரி இல்ல. கொஞ்சம் வந்து பாருங்க."

குழிக்குள் இறங்கி மண்ணைக் கையால் தள்ளினேன். கறுப்புக் கோட்டிங் நாடாபோல உரிந்து சுருண்டிருந்தது. அதற்கடியில் விரல் நீளத்துக்கு ஒரு கோடு, புது எவர்சில்வர் பாத்திரம்போல மின்னியது. வாயு இல்லை, சத்தம் இல்லை. மேலே நின்ற ஒப்பந்தக்காரரின் மேற்பார்வையாளர் எட்டிப் பார்த்தார்.

"லீக்கு இல்லேல்ல? மணலப் போட்டு மூடுப்பா. சொன்னா ரெண்டு நாள் வேல நிக்கும்."

ஆபரேட்டர் என் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தார். தின வாடகை இயந்திரம், தினக் கூலி. அவரே அடித்தார், அவரே காட்டிக்கொடுத்தார். அடுத்த வாரம் அந்த மேற்பார்வையாளர் அவரைக் கூப்பிடுவாரா என்பதுதான் அவர் கணக்கு. கிஸ்லெங்கியனைப் பற்றி அறைக்குள் உட்கார்ந்து எவ்வளவு வேண்டுமானாலும் எழுதலாம். இந்தக் குழிக்குள் நடக்கும் கணக்கு வேறு. அடித்ததற்காக ஆளை வீட்டுக்கு அனுப்பும் சைட்டில் அடுத்த அடி மண்ணுக்குள்தான் போகும். என் கையில் அதிகாரம் இருக்கும் சைட்டுகளில் நான் வைத்திருக்கும் விதி: அடித்துவிட்டுச் சொன்னவருக்கு அன்றைய கூலி முழுசாக, அடித்ததைப் பார்த்தும் மூடச் சொன்னவருக்கு சைட்டில் இடமில்லை. இதை முதல் நாள் காலையிலேயே, எல்லோர் முன்னாலும் சொல்லிவிடுவேன். வேலைக்கான அனுமதிப் பத்திரமான பெர்மிட்டில் உள்ள மற்ற பத்துப் பக்கங்களைவிட இந்த ஒரு வரிக்குத்தான் பலன் அதிகம் பார்த்திருக்கிறேன்.

குழாய் நிறுவனத்தின் அவசர எண்ணுக்கு நானே அழைத்தேன். எதிர்முனையில் இருந்தவர் முதலில் கேட்டது கீறல் எவ்வளவு ஆழம் என்று அல்ல; எத்தனை பேர் பக்கத்தில் இருக்கிறார்கள் என்று. எல்லோரையும் விலக்கச் சொன்னார். இயந்திரத்தை இருந்த இடத்திலேயே விட்டுவிட்டு வரச் சொன்னார். அவர்கள் ஆள் குழிக்குள் இறங்குவதற்கு முன் குழாயின் அழுத்தத்தைக் குறைத்தார்கள். அமெரிக்க விதிகளில் உடனே பழுதுபார்க்க வேண்டிய சேதம் என்றால், கண்டுபிடித்தபோது இருந்த அழுத்தத்தின் 80 சதவீதத்துக்கு மேல் போகக் கூடாது என்று ஒரு வரம்பு இருக்கிறது. நாள் குறிக்கும் கையைக் கொஞ்சம் இழுத்துப் பிடிப்பது அது.

இரண்டு பேர் வந்தார்கள். கோட்டிங்கைச் சுத்தமாக வெட்டி எடுத்தார்கள். கம்பி முனை கொண்ட அளவியை வைத்துக் கீறலின் ஆழத்தைப் பார்த்தார்கள், அல்ட்ராசோனிக் கருவியால் சுவர்த் தடிமனை அளந்தார்கள். ஒடுக்கம் இருக்கிறதா என்று நேரான சட்டத்தை வைத்து வெளிச்சம் பிடித்துப் பார்த்தார்கள். ஒடுக்கம் இல்லை. பிறகு அரத்தூள் பறக்காமல் மெதுவாகக் கீறலின் விளிம்புகளைச் சாணை பிடித்து வழவழப்பாக்கினார்கள். சிவப்புச் சாயத்தைத் தடவி, துடைத்து, வெள்ளைப் பொடியைத் தெளித்தார்கள். வெடிப்பு இருந்தால் வெள்ளையில் சிவப்புக் கோடு ஊறி வரும். வரவில்லை. மீண்டும் தடிமனை அளந்து எழுதிக்கொண்டார்கள். புது உறையைச் சுற்றி, ஹாலிடே டிடெக்டரின் சுருளைக் குழாய்மேல் மெதுவாக இழுத்தார்கள். உறையில் ஊசித்துளை இருந்தால் அது கீச்சிடும். அதுவும் பேசாமல் போய் வந்தது. சல்லடை மணலைத் தங்கள் கண்முன் போட்டு மூடச் சொன்னார்கள். காலை பத்தரைக்கு நின்ற வேலை மறுபடி தொடங்கும்போது மாலை நாலரை. இரண்டு நாள் இல்லை, ஆறு மணி நேரம்.

அவர்கள் கிளம்பும்போது ஒரு படிவத்தில் ஆபரேட்டரின் கையெழுத்து வேண்டும் என்றார்கள். அவர் தயங்கி என்னைப் பார்த்தார். அடித்தவர் என்ற இடத்தில் கையெழுத்தா என்று கேட்டார். இல்லை, தகவல் தந்தவர் என்ற இடத்தில் என்றார் வந்தவர். போட்டார். மறுநாள் காலை ஏழு மணிக்கு அதே இயந்திரத்தில் ஏறி உட்கார்ந்தார். கொடியை இரண்டு மீட்டர் தள்ளி நடச் சொன்னவரும் அவர்தான்.